மணி கட்டியவள்

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று
ஊர் கேட்டுக்கொண்டே இருக்கிறது.
நான்தான் கட்டினேன்.
தேவகோட்டைச் சந்தையில்
ஆட்டுக்குட்டிக்கு என்று பொய் சொல்லி வாங்கிய
இரண்டு பித்தளை மணி.
எலிகள் பிழைத்துப் போகட்டும்.
என் இடப்பக்கத்துக்கு ஒரு துணை வேண்டியிருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில்
வெள்ளைக் கிண்ணத்துக்குள் தாடையை ஊன்றி
வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம்
பொத்தானை அழுத்தச் சொன்னார்கள்.
முப்பத்தொரு வருஷம்
மின்வாரிய பில் கவுண்டரில் உட்கார்ந்தவள்,
சரியாகத்தான் அழுத்தினேன்.
வந்த தாளில் இடது கீழ்மூலை முழுக்கக் கரி.
சரியாக, பூனைகள் நடமாடும் உயரம்.
"போனது போனதுதாம்மா.
இருக்கிறதைக் காப்பாத்துவோம்" என்றார் டாக்டர்.
இணைப்பைத் துண்டிக்கும் நோட்டீஸை
இதே குரலில்
எத்தனை பேருக்கு நீட்டியிருக்கிறேன்.

அங்கே இருட்டாகத் தெரியுமா என்கிறார்கள்.
இருட்டு தெரிந்தால்கூடத் தேவலை.
தரை இருக்கிறது, தூண் இருக்கிறது,
நடுவில் படுத்திருந்த பூனையை மட்டும்
யாரோ கத்தரித்து எடுத்துவிட்டு
தரையை இழுத்துத் தைத்துவிடுகிறார்கள்,
தையல் தெரியாமல்.

அப்படித்தான் ஃபியூஸின் வாலை மிதித்தேன்.
செம்பட்டை உடம்பு,
ஆத்தங்குடிக் கல்லின் அதே சிவப்பு.
பதினாலு வருஷத்தில் அவள்
என்னைப் பார்த்து அலறியது அன்றைக்குத்தான்.
நள்ளிரவுவரை தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.
வந்தாள்.
வந்து, என் வலப்பக்கமாகப் படுத்தாள்.
மறுநாள் சந்தை.

ஓவர்சியருக்குப் பதினேழு.
சுண்ணாம்புச் சுவரோரம் நடக்கும் வெள்ளை.
வேலை செய்யாமல் மேற்பார்வை மட்டும் பார்த்ததால்
அந்தப் பேர், அந்த 'அவர்'.
ஆடி மாசம் அவர் வலது கண் பெரிதாகிப் பால் பூத்தது.
கால்நடை டாக்டர் தேனப்பன்
இமைமேல் கட்டைவிரல் வைத்து, "கல்லாட்டம் இருக்கு" என்றார்.
எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து
மருந்துக்கடைப் பையன் சொன்னான்:
"உங்க சொட்டு மருந்துதானேக்கா இது?"
கடை வாசலில் நின்று
ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கச் சிரித்தேன்.
பிறகு வெகுநேரம் பஸ் ஏறவில்லை.

ஃபிரிட்ஜில் தயிருக்கும் மாவுக்கும் நடுவே
ஒரே மாதிரி இரண்டு குப்பி.
அவருடையதில் ரப்பர் பேண்ட்,
விரலுக்குத் தெரிய.
ராத்திரி ஒன்பது மணிக்கு அவருக்கு முதலில்.
எனக்குப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினால்
திறப்பதற்குள் ஆள் கட்டிலடிக்குப் போய்விடுகிறார்.
அவருக்கு ஒரே சொட்டில் விழுகிறது.
எனக்குக் கன்னத்தில் ஒன்று, காதோரம் ஒன்று,
மூன்றாவதுதான் கண்ணில்.
குப்பி நானூற்றுச் சொச்சம்.

ஃபியூஸுக்குச் சிறுநீரகம்.
ஒருநாள் விட்டு ஒருநாள்
காலண்டர் ஆணியில் சலைன் பாட்டில் தொங்கும்.
பிடரித் தோலைக் கூடாரமாகத் தூக்கி
ஊசியைச் செருக வேண்டும்.
இதற்குக் கண் தேவையில்லை என்று
நாலாம் தடவைதான் தெரிந்தது.
முதல் மூன்று தடவையும் என் விரலில் குத்திக்கொண்டேன்.

சிங்கப்பூரிலிருந்து உமையாள் பேசுகிறாள்:
"ஒன்னையப் பாக்கவே ஒரு ஆள் வேணும்.
கெழட்டுப் பூனைக்கு இவ்வளவு செலவாக்கும்?"
ஆமாம் என்கிறேன்.
அக்கா வாயில் அதற்குமேல் ஒன்றும் வருவதில்லை.
சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுகிறாள்.

கரண்ட் போனால்
தெருவில் இன்னமும் எனக்குத்தான் போன் அடிக்கிறார்கள்.
ஓய்வு பெற்றாயிற்று என்று சொல்லிக்கொண்டே
மெழுகுவத்தி தேடாமல் நடக்கிறேன்.
கிணற்றடிப் பக்கம் ஒரு மணி,
அது ஓவர்சியர், சுவரில் மீசை உரச.
இன்னொரு மணி கேட்கவில்லை.

இப்போதெல்லாம் அதிகம் கேட்பதில்லை.
நாளெல்லாம் தூங்குகிறாள்.
கட்டில், அரிசிச் சாக்கு, தையல் மெஷின் அடி
என்று கையால் துழாவிப் போய்
விலாவில் உள்ளங்கையை வைக்கிறேன்.
கொஞ்சம் பொறுக்கிறேன்.
ஏறுகிறது.
தூக்கம் கலைந்த கோபத்தில்
மிச்சமிருக்கும் இரண்டு பல்லால்
கடிக்கிறாள்.